காரை ஓடையில் கிடைத்தது என்ன? புரியாத கல்லை இனங்காணும் வழி

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை அடுத்த பொட்டல் வெளியில், மழைநீர் அறுத்துச் சென்ற ஓடை ஒன்றின் சரிவில், சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு ஒரு பொருள் கிடைத்தது. உள்ளங்கை நீளம் இருந்தது, காப்பிக்கொட்டை நிறம், அதன் ஊடே சுண்டுவிரல் பருமனில் வெளிறிய குழாய்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடின. உடன் வந்த நண்பர் எலும்பு என்றார், இன்னொருவர் புழுக்கூடு என்றார். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மரம் மாதிரி இருக்கே தம்பி" என்றார். விடைக்கு மிக அருகில் வந்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் வைத்தே இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

கல் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இது எதைப் போல இருக்கிறது?" என்ற கேள்வியைத்தான். முட்டை, மூளை, பல், இலை, துப்பாக்கிக் குண்டு என்று கண் தனக்குத் தெரிந்த உருவம் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்குச் சான்றாகவே தெரிகிறது. இந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, "இது எங்கே, எந்த அடுக்கில் கிடந்தது? எதனால் ஆனது? அமைப்பு உள்ளேயும் தொடர்கிறதா?" என்ற மூன்றையும் முதலில் கேட்டால், பெரும்பாலான பொருள்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிவிடும்.

கிடந்த இடத்திலிருந்து தொடங்குவோம். பொருளைத் தூக்குவதற்கு முன் அது கிடக்கும் நிலையிலேயே இரண்டு படங்கள் எடுக்க வேண்டும்: ஒன்று அருகிலிருந்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்து, மற்றொன்று பத்தடி தள்ளி நின்று, சரிவு முழுவதும் தெரியும்படி. கைப்பேசியில் இடக்குறியைச் சேமித்துக்கொள்ளுங்கள். பொருள் பாறையில் பதிந்திருந்ததா, சரிவில் உருண்டு கிடந்ததா, ஓடை மணலில் அடித்து வரப்பட்டதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறையில் பதிந்திருந்தால் அதன் வயதும் சூழலும் அந்தப் பாறையுடையவை. உருண்டு கிடந்தால் மேலே உள்ள ஏதோ ஓர் அடுக்கிலிருந்து வந்திருக்கும். ஓடை மணலில் கிடைத்தது எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். நான் அந்தக் காரைத் துண்டை எடுத்த மகிழ்ச்சியில் இவற்றில் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை. அது எந்த அடுக்குக்கு உரியது என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

இடம் எவ்வளவு சொல்லும் என்பதற்கு இந்த வட்டாரமே நல்ல சான்று. காரையில் பரந்து கிடக்கும் களிமண் படிவு, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடிச்சேறு. அதில் அம்மோனைட், பெலம்னைட் (இரண்டும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரினங்கள்), சிப்பி, சுறாப் பல் ஆகியவை கிடைப்பது இயல்பு. தரையில் கூடுகட்டி இட்ட முட்டை கிடைப்பது இயல்பன்று. ஆனால் அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் உள்ள படிவுகள் பிந்தையவை, ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை. அங்கே டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. புருகத்காயோசாரஸ் என்று 1987 இல் பெயரிடப்பட்ட பேருருவ விலங்கின் எலும்புகள் அந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டவையே. அவை நொறுங்கி அழிந்துவிட்டதால், இன்று ஆய்வாளர்கள் பழைய வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் வைத்தே வாதிட வேண்டியிருக்கிறது. எனவே உங்கள் ஊரின் நிலவியல் வரைபடத்தில் அந்த இடம் எந்தப் பாறையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தன் இணையவாயில் வழியாக இந்த வரைபடங்களைப் பொதுமக்களுக்குத் தருகிறது. கருங்கல்லும் வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்) மட்டுமே உள்ள கொங்கு நாட்டு மேட்டில் கடல் உயிரின் எச்சத்தைத் தேடுவது வீண் என்பதை அந்த வரைபடமே சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். களிமண் கலந்த துண்டுகள் நீர் பட்டதும் கரைந்து உதிரும். ஆகவே ஒரு மூலையில் மட்டும் ஒரு சொட்டு நீர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து, உதிரவில்லை என்றால் மட்டும் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கம்பித் தூரிகையும் அமிலமும் முதல் நாளில் ஒருபோதும் வேண்டாம். கழுவிய நீரையும் ஒரு வெள்ளைத் தட்டில் தேங்கவிட்டுப் பாருங்கள். காரை மண்ணைக் கழுவிய நீரில் எள்ளளவுச் சிறு சிப்பிகள் தங்குவது உண்டு, கையிலுள்ள கல்லைவிட அவை சில சமயம் அதிகம் பேசும்.

இனிச் சோதனைகள். இதற்குத் தேவையானவை ஒரு செப்புக் கம்பி, எஃகுக் கத்தி, கண்ணாடித் துண்டு, சுவர் டைல் ஒன்று, சாதாரணக் காந்தம், வினிகர், நூல், சமையலறைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். லென்ஸைத் தவிர மற்றவை வீட்டிலேயே இருக்கும்.

கடினத்தன்மையை அளக்க ஃபிரெட்ரிக் மோஸ் 1812 இல் வகுத்த 1 முதல் 10 வரையிலான வரிசையே இன்றும் பயன்படுகிறது. விரல் நகம் ஏறத்தாழ 2.5, செப்பு 3, கண்ணாடியும் சாதாரணக் கத்தியும் 5.5 அளவில் நிற்கும். காரையில் கண்ணாடிச் சில்லு போல மின்னிக் கிடக்கும் தகடுகள் நகம் பட்டாலே கீறும், அவை ஜிப்சம். அதே போல் மின்னும் கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் நகத்துக்கு அசையாது, கத்திக்கு எளிதில் கீறும். வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ், 7. அது கண்ணாடியையே கீறிவிடும். கீறிய பின் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும்: துடைத்ததும் மறைந்தால் அது கீறல் அன்று, கத்தியின் இரும்பு கல்லின் மேல் விட்ட கோடு. தொடக்கத்தில் நான் இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

ஒரு சொட்டு வினிகரை விட்டு லென்ஸால் பார்த்தால், சிறு குமிழ்கள் எழுகிறதா என்று தெரியும். எழுந்தால் கால்சைட், சுண்ணாம்புக்கல், சிப்பி ஓடு, சுக்கான் கல் ஆகியவற்றில் ஒன்று. வினிகர் வலுக்குறைந்த அமிலம் என்பதால், குமிழ் தெரியாவிட்டால் அதே இடத்தைச் சற்றே சுரண்டிப் பொடியாக்கி மீண்டும் விட்டுப் பாருங்கள். சேலம் சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கும் மேக்னசைட் வெள்ளைவெளேரென்று காலிஃபிளவர் போலவோ மூளை போலவோ மடிப்புகளோடு இருக்கும். பார்க்கச் சுண்ணாம்பு போலத் தெரிந்தாலும் குளிர்ந்த வினிகருக்கு அது பொங்காது. அந்த மடிப்புகளைக் கண்டு "கல்லாகிப் போன மூளை" என்று பாதுகாத்துவைத்திருப்பவர்கள் உண்டு. மூளை போன்ற மெல்லிய திசு அப்படி முழு உருவோடு கல்லாவது மிக மிக அரிது. பாறையின் வெடிப்புகளில் கனிமம் கட்டி கட்டியாக வளரும்போது தோன்றும் இயல்பான வடிவமே அது.

நிறத்தை நம்பாதீர்கள், பொடியின் நிறத்தை நம்பலாம். சுவர் டைலின் பின்பக்கத்தில், மெருகு இல்லாத பரப்பில், கல்லை அழுத்தித் தேய்த்தால் ஒரு கோடு விழும். இரும்புத் தாதுக்களில் ஹெமடைட் கறுப்பாகத் தோன்றினாலும் செங்காவிக் கோடு இடும். மேக்னடைட் கறுப்புக் கோடு இடும். தங்கம் என்று மயக்கும் பைரைட்டும் கருமையான கோடே இடும். செதில் செதிலாக உரியும் காக்காப்பொன்னுக்கு இந்தச் சோதனையே வேண்டாம், நகத்தால் பிரித்தாலே போதும்.

இந்தச் சோதனைகளில் நான் மிகவும் மதிப்பது அடர்த்திச் சோதனை. கண்ணும் கையும் ஏமாறும் இடத்தில் இது ஓர் எண்ணைத் தந்துவிடுகிறது. முதலில் காய்ந்த கல்லைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணத்தில் பாதியளவுக்கு மேல் நீர் எடுத்துத் தராசில் வைத்து அளவைச் சுழியாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ படாமல், நீருக்குள் முழுதாக மூழ்கும்படி தொங்கவிட்டுப் பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் அளவே கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. என் காரைத் துண்டு 412 கிராம் இருந்தது. நீரில் தொங்கவிட்டபோது தராசு 158 காட்டியது. வகுத்தால் ஏறத்தாழ 2.6. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.7 என்பதால், இது சிலிக்காவும் (குவார்ட்ஸ் எதனால் ஆனதோ அது) சுண்ணமும் சேர்ந்த பொருளாக இருக்கலாம் என்று முதல்முறையாக ஒரு பிடி கிடைத்தது. கையில் அசாதாரணமாகக் கனக்கும் வெள்ளைக் கல் 4.5 காட்டினால் பேரைட் என்ற கனிமம் என்று கொள்ளலாம், மேக்னடைட் 5.2, இரும்பு விண்கல் 7.8 வரை போகும். துளைகள் நிறைந்த கல்லில் காற்று தங்கி எண்ணைக் குறைத்துவிடும். அத்தகையதை ஓர் இரவு நீரில் ஊறவைத்து அளப்பது நல்லது.

பொருள் என்ன என்பது ஓரளவு தெரிந்த பின் லென்ஸை எடுங்கள். உயிரினம் விட்டுச்சென்ற அமைப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு மேற்பரப்போடு நிற்காமல் உடைந்த முகத்திலும் தொடரும். மரத்தில் நார்களும் வளர்ச்சி வளையங்களும், எலும்பில் பஞ்சு போன்ற நுண்துளைகளும், சிப்பியில் அடுக்கடுக்கான மெல்லிய ஏடுகளும் உள்ளேயும் தெரியும். எங்கள் துண்டின் உடைந்த முனையை லென்ஸில் பார்த்தபோது பழுப்புப் பகுதி முழுவதும் இணையாக ஓடும் நுண்நார்கள். கத்திக்குக் கீறவில்லை, வினிகருக்குப் பொங்கவில்லை. ஆனால் வெளிறிய குழாய்களில் வினிகர் விட்டதும் குமிழ்கள் வரிசையாக எழுந்தன. சிலிக்கா ஏறிக் கல்லான மரம் ஒன்று, அதைத் துளைத்த உயிர்களின் வளைகளில் பிற்பாடு கால்சைட் நிரம்பியது என்பதே அதன் பொருள். கடலில் மிதக்கும் கட்டையைத் துளைத்து வாழும் கப்பல்புழு, பெயரில் புழுவானாலும் உண்மையில் சிப்பி இனம். கரையிலிருந்து ஆற்றில் வந்த ஒரு மரக்கட்டை, அந்தப் பழங்கடலில் மிதந்து, துளைக்கப்பட்டு, கனத்து மூழ்கிச் சேற்றில் புதைந்திருக்கிறது. இந்த வட்டாரத்துக் கல்மரங்களில் இத்தகைய துளைகள் புதியவை அல்ல என்பதைப் பிறகு ஓர் அறிஞர் எனக்கு உறுதிப்படுத்தினார். எலும்பு என்றவரும் புழுக்கூடு என்றவரும் பெரியவரும் ஆளுக்கொரு பகுதியைப் பார்த்துத்தான் பேசியிருந்தார்கள்.

கல்மரத்தை நேரில் பழகிக்கொள்ள நம்மிடம் இரண்டு நல்ல இடங்கள் உள்ளன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940 இல் அறிவித்த 18 மீட்டர் நீள மரம் படுத்துக் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் அதைவிட மிகவும் பிற்காலத்து மரங்கள், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை, பெருந்துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இரண்டும் பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் நினைவிடங்கள்; அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. கண்ணைப் பழக்கத்தான் அங்கே போக வேண்டும்.

இனி, மிக அதிகமாக ஏமாற்றும் பொருள்கள் சில. முதலிடம் முட்டைக்கே. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே ஏரி ஒன்றில் பெரிய உருண்டைகள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று செய்தி ஊரெங்கும் பரவியது. அறிஞர்கள் வந்து பார்த்து, அவை கடற்சேற்றில் கனிமம் திரண்டு இறுகிய உருண்டைகள் என்றும், அம்மோனைட்டுகளைச் சுற்றி அப்படித் திரள்வது உண்டு என்றும் விளக்கினார்கள். இதற்கு நேர்மாறான செய்தி 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்திலிருந்து வந்தது: வயல்களைக் காக்கும் தெய்வமாகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வணங்கிவந்த உருண்டைக் கற்கள் உண்மையிலேயே டைட்டனோசார் என்ற நீள்கழுத்து டைனோசர் வகையின் முட்டைகள். அதே மாவட்டப் பகுதியில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் பதிவாகியிருப்பதாக அவ்வாண்டு தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்திருந்தது.

ஆக, உருண்டையாக இருப்பது முட்டைக்குச் சான்று ஆகாது. மைய இந்தியாவில் கிடைக்கும் அந்த முட்டைகள் பெரும்பாலும் 15 முதல் 17 செ.மீ. விட்டம் கொண்டவை, அவற்றுக்குச் சில மில்லிமீட்டர் தடிமனில் தனி ஓடு இருக்கும், ஓட்டின் வெளிப்புறம் சிறு புள்ளிகளாகத் தடித்திருக்கும், ஒத்த அளவுள்ள பல முட்டைகள் கூட்டமாகக் கிடக்கும். கனிம உருண்டைகளோ ஒன்று கைப்பிடியளவும் மற்றொன்று அண்டாவளவுமாக இருக்கும். தனி ஓடு இராது. உடைந்தவற்றில் வெங்காயம் போன்ற வளையங்களோ நடுவில் ஒரு சிப்பியோ தெரியும். உடைந்து கிடக்கும் உருண்டையைப் பாருங்கள். முழு உருண்டையை நீங்கள் உடைக்க வேண்டாம்.

அம்மோனைட்டை அறிவது எளிது. சுருண்ட ஓடு, அதன் மேல் இலை விளிம்பு போல நெளிந்து நெளிந்து ஓடும் கோடுகள். அந்த நெளிகோடுகள் அறைகளின் தடுப்புச் சுவர் ஓட்டோடு சேரும் இடங்கள். இன்றும் கடலில் வாழும் அதன் உறவான நாட்டிலஸ் வகையில் இதே கோடுகள் நெளிவின்றி வளைந்து மட்டும் இருக்கும். நம் பூசையறைகளில் உள்ள சாளக்கிராமம் பலவற்றில் காணும் சக்கரமும் அம்மோனைட்டே. நேபாளத்தின் கண்டகி ஆறு அவற்றை இமயத்துப் பாறைகளிலிருந்து அரித்துக் கொண்டுவருகிறது. பெலம்னைட் துப்பாக்கிக் குண்டு வடிவில் இருக்கும். பல் என்றும் நகம் என்றும் பலர் நினைப்பது இதைத்தான். குறுக்கே உடைந்த முகத்தில் நடுப்புள்ளியிலிருந்து கதிர்கள் விரிவதும், வினிகருக்குப் பொங்குவதும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சுறாப் பல்லில் அந்தக் கதிர்கள் இரா. பளபளக்கும் எனாமலும் அதற்குக் கீழே மங்கலான வேரும் இருக்கும்.

பாறையைப் பிளந்ததும் பாசி போலவோ பெரணி போலவோ கறுப்பாகக் கிளைவிட்டுத் தெரிவது பெரும்பாலும் செடி அன்று. வெடிப்பில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு. அதற்குத் தடிமன் இராது, நடுநரம்பு இராது, கிளைகள் வெடிப்பின் ஓரத்திலிருந்தே புறப்படும். உண்மையான இலைப்பதிவு எப்படி இருக்கும் என்பதை அறிய, பெரம்பலூர் மாவட்டத் தெரணியின் வெண்களிமண்ணில் கிடைத்த பழந்தாவரப் பதிவுகளின் படங்களைப் பாருங்கள்: நடுத்தண்டும் இருபுறமும் சீராக அமைந்த சிற்றிலைகளும் தெளிவாகத் தெரியும்.

விண்கல் என்று நம்பிக் கொண்டுவரப்படுபவற்றில் மிகப் பல இரும்புக் கிட்டம், அதாவது இரும்பை உருக்கும்போது மிஞ்சிய கழிவு. கொடுமணல் போன்ற பழைய இரும்புருக்கு இடங்களைச் சுற்றி இது ஏராளமாகக் கிடைக்கும்; கறுத்து, உருகி வழிந்தது போல, கனமாக இருக்கும், சில காந்தத்திலும் ஒட்டும். ஆனால் உடைந்த முகத்தில் காற்றுக் குமிழ்களின் துளைகள் இருந்தால் அது விண்கல் அன்று என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் மேக்னடைட்டும் காந்தத்தில் ஒட்டும். டைலில் இடும் கறுப்புக் கோடு அதைப் பிரித்துக்காட்டும். புதிதாய் விழுந்த விண்கல்லுக்கு மெல்லிய கரிய மேற்பூச்சு இருக்கும், பிசைந்த மாவில் கட்டைவிரல் அழுத்தியது போன்ற குழிகள் இருக்கலாம், உடைந்த இடத்தில் உலோகப் புள்ளிகள் மின்னும். விண்கல்தான் என்ற எண்ணம் வலுவாக இருந்தால், வலிமிக்க நியோடிமியம் காந்தத்தை அதனருகே கொண்டுபோகாதீர்கள். விண்கல்லுக்குள் பதிந்திருக்கும் தொன்மையான காந்தப் பதிவை அது அழித்துவிடும். நூலில் கட்டிய சிறு காந்தம் சற்றே சாய்கிறதா என்று பார்த்தாலே போதும்.

சில எச்சரிக்கைகள். அறியாத கனிமத்தை நாவில் வைக்க வேண்டாம். எலும்பு நாவில் ஒட்டும் என்று சொல்லப்படுவது உண்மையே ஆனாலும், ஈயம் கொண்ட கலீனா போன்றவையும் கற்குவியலில் இருக்கலாம். நார் நாராகப் பிரியும் கல்லைத் தேய்க்கவோ அறுக்கவோ கூடாது, அது கல்நாராக இருக்கக்கூடும். சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது. இருபுறமும் செதுக்கியது போலக் கூரிய விளிம்புகள் வரிசையாக அமைந்த குவார்ட்சைட் கல் கிடைத்தால், அது இயற்கைப் பொருளாக இல்லாமல் மனிதன் செய்த கருவியாக இருக்கலாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் எடுத்தது அப்படிப்பட்ட ஒரு கைக்கோடரியைத்தான். அத்தகையதை எடுத்த இடத்திலேயே விட்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எலும்பு பாறையில் பதிந்து தெரிந்தாலும் தோண்டாதீர்கள். கல்லமேட்டில் இழந்தது போல் இன்னொன்றை இழக்க நமக்கு மனம் வரக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் கேட்பதில் தயக்கம் வேண்டாம். கல்லூரி நிலவியல் துறை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அலுவலகம், எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவு ஆகியவற்றை அணுகலாம். "இது என்ன?" என்று ஒரே ஒரு படத்தை அனுப்பினால் எவராலும் பதில் சொல்ல இயலாது. ஆறு பக்கங்களிலிருந்தும் அளவுகோலோடு எடுத்த படங்கள், உடைந்த முகத்தின் லென்ஸ் படம், எடை, அடர்த்தி, கடினத்தன்மை, வினிகர், காந்தம், கோட்டின் நிறம் ஆகியவற்றின் முடிவு, கிடந்த இடம், சுற்றியிருந்த பாறை ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். உங்கள் ஊகத்தைக் கடைசி வரியில் எழுதுங்கள், முதல் வரியில் அல்ல. படிப்பவரின் கண்ணையும் அது இழுத்துவிடும்.

வைத்துக்கொள்ளத் தகுந்த பொருளின் தெரியாத மூலையில் வெள்ளை நகப்பூச்சால் ஒரு சிறு திட்டு இட்டு, காய்ந்ததும் மேலே மையால் எண் எழுதுங்கள். அந்த எண்ணின் கீழ் குறிப்பேட்டில் நாள், இடக்குறி, அடுக்கு, சோதனை முடிவுகள் ஆகியவை இருக்க வேண்டும். என் குறிப்பேட்டில் 17 ஆம் எண்ணுக்கு நேரே "கப்பல்புழு துளைத்த கல்மரம், காரை" என்று எழுதியிருக்கிறேன். எடையும் அடர்த்தியும் இருக்கின்றன. "அடுக்கு" என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அந்த ஓடைச் சரிவுக்குத் திரும்பிப் போய், நார் தெரியும் வேறு துண்டு ஏதேனும் பாறையில் பதிந்தபடியே கிடக்கிறதா என்று தேடப்போகிறேன்.